கமிட் அடிக்காத வேதமாணிக்கம்

"மேடம், ஒரு கட்டளை சரியா தப்பான்னு நிச்சயமா எப்போ தெரியும்?"

கேட்டவர் வேதமாணிக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஸ்டோர் ரூமில் பஞ்சும் ஊசியும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த மனிதர். கம்ப்யூட்டர் பிரிவில் ஆள் போதவில்லை என்று ஒரு நாள் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவள் பௌசியா, மேலப்பாளையத்துப் பெண். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயதாவது மூப்பு. குரு அவரை அண்ணாச்சி என்பாள், சீடர் அவளை மேடம் என்பார். இதில் இரண்டு பேருக்கும் குறையில்லை. அண்ணாச்சி வீட்டம்மாவுக்குத்தான் நினைத்து நினைத்துச் சிரிப்பு.

பௌசியா வேலை செய்வது ஒரு கறுப்புத் திரையில். படம் கிடையாது, அமுக்குவதற்குப் பட்டன் கிடையாது. ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். டயாலிசிஸுக்கு இன்று யார் யார் என்று அதன் பாஷையில் எழுதிக் கேட்டால், மருத்துவமனைப் பதிவெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற டேட்டாபேஸிலிருந்து பெயரெல்லாம் வந்து கொட்டும். வேதமாணிக்கத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரத்த வங்கியில் என்ன இருக்கிறது, போன மாதம் எத்தனை பிரசவம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்.

மாற்றச் சொன்னால்தான் தயங்குவார். ஏனென்றால், பதில் சொல்கிற அதே திரை, அழி என்றால் மொத்தத்தையும் அழித்துவிடும். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது. மனிதரோ, வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அவர் கேள்விக்குப் பௌசியா ஒன்றைச் செய்தே காட்டினாள். திரையில் 'பிகின்' என்று ஒரு வார்த்தை அடித்தாள். அடுத்த வரியில், ஊழியர் பட்டியலில் வேதமாணிக்கத்தைத் தலைமை மருத்துவர் ஆக்கிவிட்டாள்.

"ஐயோ மேடம்! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"பயப்படாதீங்க. இது இப்போ நம்ம கண்ணுக்கு மட்டும்தான். கமிட்னு அடிச்சா ஊருக்கே தெரியும். ரோல்பேக்னு அடிச்சா நடக்கவே இல்லை."

ரோல்பேக் என்று அடித்தாள். வேதமாணிக்கம் மறுபடியும் உதவியாளர் ஆனார்.

"அடேயப்பா! செஞ்சதைச் செய்யாததா ஆக்கிடலாமா! இது தெரியாமப் பாதி ஆயுசு போயிட்டே!"

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. பிகின் போடுவார், மாற்றுவார், கன்னத்தில் கை வைத்து ரசிப்பார், ரோல்பேக் அடிப்பார்.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் ஒரு கமிட்கூட அடிக்கலையே?" என்றாள் பௌசியா ஒரு நாள்.

"பழகிக்கிடுதேன் மேடம்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், டயாலிசிஸ் பிரிவில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. அதில் வர வேண்டியவர்களை மற்ற மெஷின்களுக்குப் பிரித்துப் போட வேண்டும். டாக்டர் யாருக்கு எது என்று சொல்ல, பௌசியா அதற்கான கட்டளைகளை வரிசையாக ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்தாள். அதற்குள் பழைய கட்டடத்தில் வயர் கோளாறு என்று அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஸ்கிரிப்டை நீங்க ஓட்டிடுங்க அண்ணாச்சி. சரியான்னு பார்த்து முடிச்சிடுங்க."

வேதமாணிக்கம் பிகின் போட்டார். ஸ்கிரிப்டை ஓட்டினார். டாக்டர் சொன்னதையும் திரையில் இருந்ததையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். அச்சுப் பிசகாமல் இருந்தது. கமிட் என்று அடிக்கக் கையைக் கொண்டுபோனார். இன்னொரு தடவை பார்த்தால் என்ன? பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மேடம் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போயிற்று, அதுவரை எதுவுமே நடக்கவில்லை என்றுதானே கணக்கு? நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

இரண்டாவது கவளம் எடுப்பதற்குள் போன் அடித்தது. டயாலிசிஸ் பிரிவு ஜெபா சிஸ்டர்.

"அண்ணாச்சி, இங்க ஸ்கிரீன் சுத்திக்கிட்டே நிக்குது! சுடலைமுத்துவைப் பதிய முடியலை. போன தடவை டயாலிசிஸுக்கு வராம கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்காரு மனுஷன். காலெல்லாம் வீங்கி, மூச்சு இழுக்குது."

"மெஷின்ல போட்டிருங்க சிஸ்டர், பதிவைப் பிறகு பார்த்துக்கலாம்."

"எந்த மெஷின்ல? காமாலைக்காரங்களுக்குத் தனி மெஷின், மத்தவங்களுக்குத் தனி. ஸ்கிரீன்ல நம்பர் வராம நான் ஊசியைத் தொட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என்ன செஞ்சு வச்சிருக்கீங்க அங்க?"

"சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலை சிஸ்டர்!"

எச்சில் கையோடு பௌசியாவுக்குப் போன் போட்டார். அவர் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் பதறவில்லை.

"ஸ்கிரீன்ல இன்னொரு ஜன்னலைத் திறங்க. யாரு யாருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கன்னு டேட்டாபேஸைக் கேளுங்க. அன்னைக்குக் காட்டித் தந்தேன்லா."

கேட்டார். திரை பதில் சொன்னது. காத்திருப்பது டயாலிசிஸ் கவுண்டர், மருந்துக் கவுண்டர், பில் கவுண்டர். யாருக்காக என்ற இடத்தில் எல்லா வரியிலும் ஒரே பெயர்.

"மேடம்... என் பேருல்லா வருது!"

"பிகின் போட்டீங்களா?"

"போட்டேன்."

"முடிச்சீங்களா?"

"மாத்தி மட்டும்தான் மேடம் வச்சேன். முடிக்கலை."

"நீங்க மாத்தி வச்ச வரியை, நீங்க முடிக்கிற வரைக்கும் வேற எந்தக் கவுண்டரும் தொட முடியாது. பார்த்தீங்களா, சரியா இருக்கா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

"பிறகு?"

"தப்பா இருந்துட்டா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், அடிச்சிடுதேன்."

"உங்களுக்கு முன்னால இருக்கிறது கமிட், ரோல்பேக்னு ரெண்டே வார்த்தை. எதை அடிச்சாலும் கவுண்டர் நகரும். நான் போனை வைக்கிறேன்."

வைத்தேவிட்டாள்.

அட, இதென்ன அநியாயம் என்று வேதமாணிக்கம் போனைப் பார்த்தார். திரும்ப அடித்தார், அவள் எடுக்கவில்லை. கீழே ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். திரையில் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கமிட் என்று அடித்து என்டரைத் தட்டினார். 'கமிட்' என்று அவர் சொன்ன வார்த்தையையே திரை திருப்பிச் சொன்னது. பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

போன் அடித்தது. "வந்துட்டு அண்ணாச்சி! ஏழாம் நம்பர் மெஷின்!" ஜெபா சிஸ்டர் அதற்குமேல் பேச நிற்கவில்லை.

பௌசியா மாடி ஏறி வரும்போது சுடலைமுத்துவுக்கு மூச்சு சீராகிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. வேதமாணிக்கத்தின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது, சோறு அப்படியே காய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நட்டாத்துல விட்ட மாதிரி போனை வச்சிட்டீங்களே மேடம்! நிச்சயமாத் தெரியாம எப்படி அடிக்கிறது? நான் அடிச்சது தப்பா இருந்திருந்தா?"

"தப்பா இருந்திருந்தா ஜெபா பார்த்திருப்பா, டாக்டர் பார்த்திருப்பாரு. ரெண்டு பேருமா மாடி ஏறி வந்து நம்மளைக் கிழிச்சிருப்பாங்க. அவங்க திட்டி முடிக்கிறதுக்குள்ள திருத்தியிருப்போம்."

அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"நீங்க சரியா மாத்தித்தானே வச்சிருந்தீங்க அண்ணாச்சி? கமிட் அடிக்காம வச்சிருந்த வரைக்கும் அதை யாரு பார்த்தா?"