பால் விற்றவளுக்குப் பரல் வரி

நெடுங்கரை நாட்டை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று என்னைக் கேட்காதீர்கள். வரி அப்போதும் இருந்தது, அது போதும். ராஜா கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. ஒருநாள் தும்மல் வந்துவிட்டது, சகுனம் சரியில்லை என்று சந்தையையே மூடச் சொன்னான். மறுநாள், "சந்தையை எவன் மூடினான்?" என்று காவலரைத் திட்டினான்.

அந்த நாட்டில் வீட்டுக்கு ஒரு வரி ஓலை. அதில் ஒரே ஒரு சொல் இருக்கும். அதற்குக் குறி என்று பெயர். குறியைப் பார்த்துத்தான் வரி. 'பால்' என்று இருந்தால் வருஷத்துக்கு ஒரு பணம். 'பரல்' என்று இருந்தால், அதாவது சிலம்புக்குள் போடும் மாணிக்கக் கல் விற்பவர் என்றால், நூறு பணம்.

இதில் ஒரு வில்லங்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுத்தர்கள் புள்ளியே வைப்பதில்லை. நெடிலுக்குப் போடும் காலையும் 'ர'வையும் ஒரே மாதிரிதான் கீறுவார்கள். ஆகவே பால் என்று எழுதினாலும் பரல் என்று எழுதினாலும் ஓலையில் தெரிவது ஒன்றே. படிப்பவர் பார்த்து வைத்ததுதான் குறி.

பூவாயி பால் விற்கிறவள். இரண்டு எருமை, படுத்த படுக்கையாய்ப் புருஷன், இதுதான் அவள் சொத்து. அந்த வருஷம் வரித்தலைவர் நல்லபெருமாள் அவள் ஓலையைப் 'பரல்' என்று படித்துவிட்டார். நூறு பணம் கட்டாததால் ஓர் எருமையை ஓட்டிக்கொண்டு போனார்கள். மற்றதற்கு வெள்ளிக்கிழமை வரை தவணை. அதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

பூவாயி அரண்மனைக்கு, நல்லபெருமாளிடம், நடையாய் நடந்தாள்.

"ஐயா, நான் பால் விக்கிறவ. மாணிக்கத்தைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

"ஓலையில் பரல் என்று இருக்கிறதே, அம்மா."

"அதையே பாலுன்னும் படிக்கலாமாமே?"

"படிக்கலாம்தான். ஆனால் நான் பரல் என்று படித்துவிட்டேன். திருத்த வேண்டுமானால் மனு எழுதிக்கொண்டு வா."

கொண்டுவந்தாள்.

"வரிப் பாக்கி உள்ளவர் மனுவை வாங்கக் கூடாது. முதலில் நூறு பணத்தைக் கட்டு."

"நூறு பணம் இருந்தா நான் ஏன் சாமி மனு எழுதப்போறேன்?"

"அதையும் மனுவில் எழுது" என்றார் நல்லபெருமாள்.

இப்படி ஒன்பது நடை. எழுத்துக்குக் கால் உண்டா இல்லையா என்ற தகராறில் இவள் கால் தேய்ந்தது. சொல்லும்போதே எனக்கு அலுப்பாக இருக்கிறது, நடந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பத்தாம் நடையில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதவளை அமைச்சர் ஆண்டியப்பர் பார்த்தார். நாற்பது வருஷம் அரசவையில் நின்று நின்று முதுகு போன மனிதர். அவருடைய ஆசனத்தின் மேல் நல்லபெருமாளுக்கு வெகுநாளாக ஒரு கண். ஆண்டியப்பர் பெருமூச்சு விட்டு, அவளை அவைக்கு அழைத்துப் போனார்.

ராஜா கொட்டாவி விட்டபடி கேட்டான். "என் முத்திரை விழுந்த ஓலை தப்பாகுமா, அமைச்சரே?"

நல்லபெருமாள் முந்திக்கொண்டார். "ஆகாது மன்னா! ஓலை ஓலைதான். ஆளைக் கேட்டு ஓலை படிக்க ஆரம்பித்தால் கஜானா காலி. அமைச்சருக்கு வயதாகிவிட்டது, பாவம்."

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "சரி, ஓலையில் ஒரு கீறல் கூடாமல் குறையாமல் அந்தக் குறியைத் திருத்தும் பார்க்கலாம். முடியாவிட்டால் உம்முடைய ஆசனம் நல்லபெருமாளுக்கு. இவளுடைய மிச்ச எருமையும் போகும்."

பூவாயி ஆண்டியப்பரின் முகத்தையே பார்த்தாள்.

"உத்தரவு. அதற்கு முன்னால் இன்றைய வணக்க ஓலையைப் படித்துவிடலாமா?" என்றார் ஆண்டியப்பர். தினமும் காலையில் நல்லபெருமாள் ராஜாவுக்கு ஒரு துதி எழுதி அனுப்புவது வழக்கம்.

"படியும், படியும்" என்றான் ராஜா, உற்சாகமாக.

ஆண்டியப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்: "மன்னர் திருவடியே சாணம்!"

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. "என் கால் சாணமா?"

"ஐயோ, சரணம்! அது சரணம், மன்னா!" என்று நல்லபெருமாள் தரையில் விழுந்தார்.

"ஓலையை நீங்களே பாருங்கள் மன்னா. சாணம் என்றும்தான் இருக்கிறது. நான் சாணம் என்று படித்துவிட்டேன். வேண்டுமானால் இவர் மனு எழுதட்டும்" என்றார் ஆண்டியப்பர்.

"அநியாயம்! எழுதினவன் யார், அவன் என்ன எழுதக்கூடியவன் என்று ஆளைப் பார்த்துப் படிக்க வேண்டாமா?" என்று அலறினார் நல்லபெருமாள்.

"வேண்டும் என்கிறீரா?"

"வேண்டும், வேண்டும்!"

"அப்படியானால் இந்த அம்மாளைப் பாரும். பார்த்துவிட்டு அவள் ஓலையைப் படியும்."

நல்லபெருமாள் தலையைத் தூக்கினார். எதிரே வெடித்த பாதமும், மோர் வாடை அடிக்கும் புடவையும், காலிக் குடமுமாக நின்றாள் பூவாயி. கேட்டும் கேட்காத குரலில் அவர் படித்தார்: "பால்."

"ஒரு கீறல் கூடவில்லை, குறையவில்லை. குறி திருந்திவிட்டது, மன்னா" என்றார் ஆண்டியப்பர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டு வந்த எருமையை அப்போதே அவிழ்த்துவிடச் சொன்னான். நாட்டிலுள்ள அத்தனை வரி ஓலையையும் நல்லபெருமாளே தலையில் சுமந்து, வீடு வீடாகப் போய், தொழிலைக் கேட்டுவிட்டுத்தான் குறியைப் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டான்.

"அம்மா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? எதுவானாலும் கேள்."

"ஒண்ணும் வேணாம் மகாராசா. இனிமே என்னை இங்க வரவைக்காம இருந்தீங்கன்னாப் போதும்" என்றாள் பூவாயி.

"மன்னா, அடியேனுக்கும் அதே பரிசைக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் ஆண்டியப்பர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ராஜா பூவாயிக்கு மட்டும் கொடுத்தான்.