டிவியை விட்டு ஓடிப்போன பந்து

நண்டன்விளைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரான மேலவிளையில் சொல்வார்கள். அது பொய். எங்களுக்கு மூளை உண்டு. யாராவது ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவதால் அதற்கு வேலை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

1982-ஆம் வருஷம் நடந்தது இது. அந்த வருஷம்தான் இலங்கை டிவி எங்கள் கடற்கரையில் தெரிய ஆரம்பித்தது. உப்பளம் வைத்திருந்த ஞானதிரவியம் ஊரின் முதல் டிவியை வாங்கினார். அதே வருஷம் அவருடைய தம்பி, கப்பலில் வேலை பார்க்கும் கிளமென்ட், சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தான். டிவியில் சொருகினால் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஓடித் திரிய ஒரு வெள்ளைப் புள்ளி. கோடு மட்டை, புள்ளி பந்து. ஆளுக்கொரு குமிழைத் திருகினால் மட்டை மேலும் கீழும் போகும்.

ஞானதிரவியம்தான் எங்கள் கபடிக் கழகத்துக்கும் தலைவர். செயலாளர் அருளப்பன். பதினோரு வருஷமாக மேலவிளையிடம் தோற்று வரும் கழகம் அது. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள மைதானம் ஜெயித்த ஊருக்கு ஒரு வருஷம் சொந்தம் என்பது ஒப்பந்தம். மைதானம் போனதுகூட அருளப்பனுக்குப் பெரிதில்லை. மேலவிளை அணியின் தலைவர் சூசைமாணிக்கம் அவனுக்கு மாமனார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மாமியார் வீட்டு விருந்தில் அவர் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நல்லா சாப்பிடும் மருமவனே, ஓடி ஓடித் தோத்திருக்கீரு," என்பார். அருளப்பனுக்குச் சோறு இறங்காது. இறங்காத சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவான்.

அதனால் வீடியோ கேமைப் பார்த்ததும் அவனுக்கு யோசனை வந்தது. இந்த வருஷம் மைதானத்துக்கான போட்டியை டிவியில் வைத்தால் என்ன? ஓட வேண்டாம், மூச்சுப் பிடிக்க வேண்டாம். மாமனாரும், "பொட்டிக்குள்ள வெளையாட்டா? சரிதான், அங்கயும் வந்து தோத்துட்டுப் போம்," என்று ஒத்துக்கொண்டார்.

கிளமென்ட் கப்பலுக்குத் திரும்பும் அவசரத்தில் நான்கே விஷயம் சொன்னான். "டிவிகிட்ட போவாதீங்க, தள்ளி நின்னு ஆடுங்க. குமிழ விட்டுக் கைய எடுக்காதீங்க. பந்து வெளிய போனா எதிராளிக்குப் பாயின்ட். பொட்டி சூடானா காத்துப்படுற மாதிரி வைங்க." சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

பயிற்சி தொடங்கியது. கழகத்தின் பலசாலி இசக்கி ஒரு குமிழைப் பிடித்தான், அருளப்பன் இன்னொன்றை. இசக்கி வந்த வேகத்தில் அருளப்பனைத் தள்ளினான். அருளப்பன் பீரோவில் போய் விழுந்தான்.

"ஏம்லே தள்ளுத?"

"தள்ளி நின்னு ஆடணும்னுதான சொன்னாரு? நீயும் தள்ளு."

அருளப்பனும் தள்ளினான். மூன்று நாள் தள்ளித் தள்ளி ஆடியதில் பந்தைப் பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் பார்த்தார்கள். பந்து டிவியின் இடது ஓரத்தில் போய் மறைந்தது. "வெளிய போயிட்டு!" என்று கத்திக்கொண்டு பத்துப் பேர் இடப்பக்கச் சன்னல் வழியாகக் குதித்தார்கள். அங்கே கருவேல முள்தான் இருந்தது. அவர்கள் முள்ளுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பந்து மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

"யாரு எடுத்துப் போட்டது?" என்றார் தலைவர்.

ஒருவரும் கை தூக்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு அருளப்பன் சொன்னான்: "எவனோ நல்ல மனுசன். பேரச் சொல்லிக்க விரும்பல போல."

குமிழை விட்டுக் கையை எடுக்கக் கூடாது என்ற விதியை அருளப்பன் உயிராய் மதித்தான். சாப்பாட்டை மனைவி பிலோமி ஊட்டிவிட்டாள். "எங்கப்பாவ நீங்க ஜெயிக்கிறதுக்குள்ள எனக்குக் கை ஒடிஞ்சிரும்," என்று புலம்பிக்கொண்டே முள்ளெடுத்த மீனை வாயில் வைத்தாள். அவனுக்கே தன்னைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. ஞானதிரவியத்தின் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஊரும் நெருக்கியடித்து உட்கார்ந்தன. இடது பக்கம் அருளப்பன், வலது பக்கம் மாமனார். முதலில் பதினைந்து எடுப்பவருக்கு மைதானம். எப்படி என்று கேட்காதீர்கள், இரண்டு பேரும் பதினாலுக்குப் பதினாலில் வந்து நின்றார்கள்.

இன்னும் ஒரே ஒரு பாயின்ட். அந்த நேரம் பார்த்து இசக்கி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாவுது!" என்று அலறினான். காற்றுக்காகத் தலைவர், வீட்டிலிருந்த நாலு ஃபேனையும் ஒரே ப்ளக்கில் சேர்த்துச் சொருகினார். டப்பென்று ஃபியூஸ் போனது.

படம் சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி டிவியின் நட்ட நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

"பந்து நடுவுல நின்னுச்சே, யாருக்குப் பாயின்ட்?" என்றார் சூசைமாணிக்கம்.

"நின்னுச்சு. ஆனா இப்ப இல்லயே மாமா."

இசக்கி டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "இந்த ஒயரு வழியாத்தான் போயிருக்கு. வேற ஓட்ட இல்ல."

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஓட்டைகளை எண்ணிப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒயரைத் தொடர்ந்து புறப்பட்டார்கள். சுவரோரமாக மீட்டருக்கு, மீட்டரிலிருந்து தெருக் கம்பத்துக்கு, அடுத்த கம்பத்துக்கு. இசக்கி தலையில் வீடியோ கேம். அதன் ஒயரில் தொங்கிய குமிழைக் கையை எடுக்காமல் பிடித்தபடி இடப்பக்கம் மருமகன், வலப்பக்கம் மாமனார். பின்னால் அண்ணாந்து பார்த்தபடி இருநூறு பேர். சாக்கடையில் விழுந்தவர்களும் அண்ணாந்தபடியே விழுந்தார்கள்.

மைதானத்துக்குப் பக்கத்தில், ஊர் எல்லைக் கல்லை ஒட்டிய கம்பத்தில், பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அந்தா பந்து!"

பந்து கிடைத்துவிட்டது. விழுந்தது யார் ஊரில் என்பதுதான் கேள்வி. போன புயலில் சாய்ந்த கம்பம் அது. அடி நண்டன்விளையில், தலை மேலவிளைப் பக்கம்.

"கம்பம் ஒங்க ஊர்லதான நிக்கி? பந்து ஒங்க பக்கம் விழுந்தா பாயின்ட் எங்களுக்கு," என்றார் மாமனார்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வாதம் அருளப்பனுக்குத் தோன்றியது. "மாமா, பந்து கம்பத்தோட காலுலயா இருக்கு? தலையிலல்லா இருக்கு! நேரா கீழ கல்லப் போட்டுப் பாப்போம்."

இசக்கி பெட்டியைத் தலைவர் தலைக்கு மாற்றிவிட்டு, கம்பத்தில் ஏறி விளக்குக்கு நேராக ஒரு கல்லை விட்டான். அது சூசைமாணிக்கத்தின் கால் பெருவிரலில் விழுந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பெருவிரல் மேலவிளையில் இருந்தது.

மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் நேர்மையான மனுஷர். "வெரலு எனக்குள்ளதுதான். மறுக்க முடியாது. ஜெயிச்சிட்டீரு மருமவனே."

பதினோரு வருஷம்! அருளப்பனுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. கை குமிழில் இருந்தது. அதனால் முழங்கையை நீட்டினான். அவரும் முழங்கையை நீட்டினார். இரண்டும் இடித்துக்கொண்டன.

பந்தைத் திரும்பத் தந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஞானதிரவியம் பிடிவாதம் பிடித்தார். "நாங்க எறிய மாட்டோம், அதுவா விழுந்தா பிடிச்சிக்கிடுங்க," என்றது மேலவிளை. ஆகவே நண்டன்விளை முழுவதும் விளக்கின் கீழே கையேந்தி நின்றது. பகலெல்லாம் எரியும் அந்தத் தெருவிளக்கு, பொழுது சாய்ந்து ஆறு மணியானதும் வழக்கம்போல அணைந்தது.

"விழுந்துட்டு! பிடி!"

எண்பது பேர் ஒரே நேரத்தில் எம்பினார்கள். இறங்கியதும் அவரவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்கள். இசக்கி மட்டும் முஷ்டியை இறுக்கி மூடியிருந்தான்.

"என்கிட்டதான் இருக்கு."

அருளப்பன் கிட்டே போய், இசக்கியின் விரலிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்து, உதட்டில் வைக்க விரல் இல்லாததால் குமிழையே உதட்டில் வைத்தான்.

"சத்தம் போடாதீங்க," என்றான் மெதுவாக. "உள்ள ஒரே இருட்டா இருக்கு. தூங்கிட்டுது."

இரண்டு ஊரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் வீட்டுக்குப் போயின.