ஒதியா கொண்டுபோன பருப்பு

விலங்குகளும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், யூதர்கள் வாழ்ந்த மலையூர் ஒன்றில் ஒதியா என்றொரு குயவர் இருந்தார். பக்கத்து வீட்டு எலியாத்தோடு அவருக்கு ஏழு வருடமாகப் பேச்சில்லை. ஒதியாவின் ஆடு எலியாத்தின் திராட்சைக் கொடிகளை மேய்ந்ததில் மூண்ட சண்டை அது.

ஒருநாள் எலியாத் இறந்துபோனார். பொழுது சாய்வதற்குள் ஊரார் அடக்கம் செய்தார்கள். ஒதியா கூட்டத்தின் கடைசியில் நின்றார். தானும் மண் தள்ளிவிட்டு, எலியாத்தின் மனைவி மில்காளின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார்.

மறுநாள் காலையில் எலியாத்தின் கழுதை ஒதியாவின் வாசலில் வந்து நின்றது.

"மில்காள் அம்மா இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை," என்றது.

"வீட்டில் ரொட்டி இல்லையா?"

"இருக்கிறது. ஐயா கடைசியாகச் சுட்டது. அதைத் தின்றுவிட்டால் அவரும் தீர்ந்துபோவார் என்று அம்மா மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்."

"நான் வந்து என்ன சொல்ல? செத்தாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் அவனிடம் கடைசியாகச் சொன்னேன்."

"எதுவும் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டு அடுப்பில் சமைக்காத எதையாவது கொண்டு வாருங்கள்," என்றது கழுதை.

ஒதியா மசூர்ப் பருப்பை வேகவைத்தார். சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினார். மில்காள் நிமிரவில்லை. சட்டியை அவள் அருகில் வைத்துவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. தன் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பதாகிவிடும் என்று தோன்ற, விழுங்கிக்கொண்டார்.

முற்றத்து வெயில் சுவரேறிப் போனது. பருப்பு ஆறிவிட்டது. வெகுநேரம் கழித்து மில்காள் ஒரு வாய் எடுத்து உண்டாள்.

"உப்புக் குறைச்சல்," என்றாள்.

"ஆமாம்," என்றார் ஒதியா.

"அவருக்கும் அளவாகப் போடத் தெரியாது."

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த வாயையும் எடுத்தாள்.

அன்று தொட்டுத்தான் யூதர் வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடித்துத் திரும்பும் அந்த வீட்டாரின் முதல் உணவு அக்கம்பக்கத்து அடுப்பிலிருந்து வருகிறது. ஆறுதலுக்குப் போகிறவர்களும், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.