அட்டை கடிக்காத கால்

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கித் தங்கும் ஒரு மலையடியில் மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நினைத்தது உடனே நடக்க வேண்டும் அவருக்கு. ஒரு ஆடி மாதம், மலை உச்சியில் மண்டபம் கட்டி, மேகத்துக்கு மேலே உட்கார்ந்து வெற்றிலை போட ஆசை வந்துவிட்டது. இடம் பார்த்துவரப் பிரதானி அம்பலவாணரை அனுப்பினார்.

நாலாம் நாள் பிரதானி சபைக்கு வந்தார். "மூன்று நாளும் உச்சியிலேயே நின்றேன், மகாராஜா. இமைப்பொழுதும் விடாத மழை. எல்லாம் கோணல் மரங்கள், மேலெல்லாம் பாசி. விறகுக்கும் ஆகாது. வெட்டித் தள்ளிவிடலாம்."

மண்டபச் சேதி கேட்டு முறையிட வந்திருந்த வெள்ளச்சி முன்னால் வந்தாள். அடிவாரத்தில் நெல் போடுகிறவள் அவள். மிளகு பறிக்க மேலே ஏறுகிறவள்.

"அந்தப் பாசிதான் சாமி மேகத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. மழை நின்னாலும் பங்குனி வரைக்கும் சொட்டும். அந்தச் சொட்டுதான் எங்க ஓடை. மரம் போனா என் வயலும் போச்சு."

"நேரில் பார்த்தவன் நான். இவள் பாசிக்குப் புராணம் படிக்கிறாள்," என்றார் பிரதானி. சபை சிரித்தது. ராஜா முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

இனி கெஞ்சிப் பயனில்லை என்று வெள்ளச்சிக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். "மலை இறங்கி வந்தவங்க காலுக்குச் சுண்ணாம்பு வைக்கிறது எங்க வழக்கம். அதையாவது செய்ய விடுங்க சாமி."

மரியாதை என்றால் பிரதானிக்கு உயிர். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காலை நீட்டினார். விரல் நுனியில் சுண்ணாம்போடு வெள்ளச்சி இந்தக் காலைப் பார்த்தாள், அந்தக் காலைப் பார்த்தாள்.

"எங்கே வைக்கட்டும் ஐயா?"

"எங்கே வைப்பது வழக்கம்?" என்றார் ராஜா.

"அட்டை கடிச்ச இடத்துல, சாமி. ஆடியில பாதி மலை ஏறுறதுக்குள்ள இருபது கடிச்சிடும். ஐயா காலு வாழைத்தண்டு மாதிரி இருக்கு."

"அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைச் சாறு பூசியிருந்தேன்," என்றார் பிரதானி அவசரமாக.

"மூணு நாள் விடாத மழையிலயா? எங்களுக்கு ஒரு தூறலுக்கே கரைஞ்சு போகுதே. ஐயாவுக்குப் புகையிலை எந்தக் கடையில கிடைச்சுது?"

முதலில் சிரித்தது ராஜாதான். பிரதானி தலையைக் குனிந்துகொண்டார். "அடிவாரச் சத்திரத்தில் இருந்தேன். மிளகு பறிப்பவர்கள் சொன்னதைத்தான் சொன்னேன். அங்கே அப்பம் நன்றாக இருந்தது."

"மரங்கள் அப்படியே இருக்கட்டும்," என்றார் ராஜா. " அந்தக் காட்டுக்கு இனி வெள்ளச்சியே காவல். பிரதானி நாளைக்கே உச்சிக்குப் போகட்டும், புகையிலை இல்லாமல். இந்தச் சபையில் மலையைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் காலைக் காட்ட வேண்டும்."

சொல்லி முடித்த ராஜா, தன் காலைப் பார்த்தார். மெல்லச் சிம்மாசனத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வெள்ளச்சி பார்க்காததுபோல் டப்பாவை மூடினாள்.

மறுநாள் பிரதானியோடு ராஜாவும் ஏறினார். ராஜாவின் ஒவ்வொரு காலிலும் பதினேழு கடி. ஒவ்வொன்றுக்கும் வெள்ளச்சியே சுண்ணாம்பு வைத்தாள். அந்த மாதம் முழுக்க ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் சபைக்கு வந்தார்.