ஒத்தாசை

அநீதி இழைக்கப்பட்டது அம்சவேணிக்கு. அவள் இறந்த பிறகு, ஒற்றை வரியில்.

காரியப் பத்திரிகையில் அந்த வரி இப்படி இருந்தது: 'முன்னோடி விவசாயி திரு. வேதாசலம் அவர்களின் துணைவியார்.' அதற்குக் கீழே அவள் படம். படத்துக்கும் கீழேதான் அவள் பெயர்.

ஏரிக்குக் கீழே இருந்த நாலு துண்டுக் கழனியில் முப்பத்தாறு வருஷம் சேற்றில் நின்றவள் அவள். நாற்று விட்டது, தண்ணீர் கட்டியது, களை பறித்தது, அறுப்புக்கு ஆள் திரட்டியது, எல்லாம் அவள். பட்டா மட்டும் அவர் பெயரில் இருந்தது. அதனால் ஏதோ ஒரு விவசாயக் கூட்டத்தில் போர்த்திய சால்வையும் அவர் தோளில்தான் விழுந்தது.

வரியை எழுதியவர் வேதாசலமே. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம், கதை எதற்கு. மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர். அவளுக்குப் பெரிய கௌரவம் செய்வதாக நினைத்துத்தான் அப்படி எழுதினார். அச்சகத்தில் உட்கார்ந்து, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஒன்றும் கண்ணில் படவில்லை.

பதினாறாம் நாள் பந்தியில் கன்னியம்மா உட்காரவில்லை. பக்கத்துக் கழனிக்காரி அவள். அம்சவேணியின் சிநேகிதி.

"உட்காரு கன்னிம்மா," என்றார் வேதாசலம்.

"இது யாருக்குப் போடற சாப்பாடுண்ணா?"

"என்ன கேள்வி இது? அம்சவேணிக்குத்தான்."

"பத்திரிகையில அப்படி இல்லையே. யாரோ ஒரு விவசாயியோட பொண்டாட்டிக்குன்னு இல்ல போட்டிருக்கு. அந்தம்மாவை எனக்குத் தெரியாது. என் சிநேகிதிக்குப் போடற அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து கை நனைக்கிறேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். வேதாசலத்துக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை. செத்தவளுக்கு இவ்வளவு வேண்டியவள் கை நனைக்காமல் போனால், காரியம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை மடத்துக்குப் போனார். இருபது வருஷமாகத் தினமும் போகிற இடம். பேச்சு நடக்கும் கூடத்தில், முதல் வரிசையில், தூண் ஓரமாக அவருக்கென்று ஒரு இடம் உண்டு. குரு அவரைவிட இரண்டு வயது இளையவர். அதை இருவரும் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மா என்ன கேட்கறாங்க?" என்றார் குரு.

"வரி தப்புங்கறா, சாமி. நான் என்ன தப்பா எழுதிட்டேன்? நான் விவசாயி. அவ என் சம்சாரம். ரெண்டும் பொய்யா?"

"உங்க சம்சாரம் என்ன செய்துக்கிட்டிருந்தாங்க?"

"கழனிக்குப் போவா."

"போய்?"

"அங்கேயே இருப்பா."

"இருந்து?"



"எனக்கு ஒத்தாசையா இருந்தா, சாமி. நான் இல்லேன்னு சொல்லலையே. அவளை மாதிரி ஒத்தாசை யாருக்குக் கிடைக்கும்?"

"அடுத்த முறைத் தண்ணீர் உங்களுக்கு எப்போ?"

"நாளைக்கு விடியக்காலை. மத்தியானம் வரைக்கும் எங்க முறை."

"அவங்க போனதுக்கு அப்புறம் ஒரு முறை வந்திருக்குமே. அன்னிக்கு யார் பாய்ச்சினது?"

"யாராவது பாய்ச்சியிருப்பாங்க. பயிர் காயலையே."



"நாளைக்கு நீங்க பேச்சுக்கு வர வேண்டாம். போய்த் தண்ணீர் பாய்ச்சிட்டு அப்புறம் வாங்க. ஒத்தாசை இல்லாம."

விடிந்தும் விடியாமலும் வேதாசலம் கழனியில் நின்றார். மண்வெட்டியைத் தேடியே அரைமணி போய்விட்டது. அது மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது. பிடி மிகவும் குட்டை. அம்சவேணி தன் உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டது. அதைப் பிடித்தால் அவர் வில்லாக வளைய வேண்டியிருந்தது.

கால்வாயிலிருந்து மடையைத் திறந்தார். தண்ணீர் சலசலவென்று முதல் துண்டுக்குள் இறங்கியது. வேலை முடிந்தது என்று வரப்பில் உட்கார்ந்தார். பயிர் கதிர் தள்ளும் பருவம். இந்த முறை தண்ணீர் தப்பினால் நெல் பதராகிவிடும். அவ்வளவு அவருக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. முதல் துண்டு நிறையவே இல்லை. மேட்டுத் துண்டில் மண் வெடித்தபடியே கிடந்தது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"முன்னோடி விவசாயி பின்னாடி வந்திருக்காரே."

அடுத்த வரப்பில் கன்னியம்மா, தலையில் புல்லுக்கட்டோடு.

"தண்ணி நிக்க மாட்டேங்குது கன்னிம்மா."

"எப்படி நிக்கும்? அந்தப் பக்கம் வடிகாலைப் போய்ப் பாருங்க. உங்க முறைத் தண்ணியில தவளை நீச்சல் அடிக்குது. நண்டு வளை அடைச்சீங்களா?"

"எங்கே இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும். தண்ணி தெறக்கறதுக்கு முன்னாடி அவ வரப்பு முழுக்க மிதிச்சுக்கிட்டே போவா. கால் எங்கே உள்ளே போகுதோ அங்கே சேத்தை வெச்சு அமுக்குவா. உங்க செருப்பைக் கழட்டுங்க மொதல்ல."

அவர் செருப்பைக் கழற்றினார். வரப்பில் மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். நாலாவது அடியில் குதிகால் உள்ளே போனது. குனிந்து சேறு வைத்து அடைத்தார். மறுபடி மிதித்தார். மறுபடி உள்ளே போனது.

"கொஞ்சம் கை கொடேன்," என்றார்.

"எதுக்கு, ஒத்தாசைக்கா?"

குரு சொன்னது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் திகைத்தார். அவளுக்குத் தெரியாது. அந்த வார்த்தையை அவர் ஊர் முழுக்கச் சொல்லித்தான் வைத்திருந்தார்.

அவள் கை கொடுக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"போன முறை யார் பாய்ச்சினது?" என்று கேட்டார் அவர், நிமிராமல்.

"இந்தக் கேள்வி வர இத்தனை நாளாச்சா? நான்தான். பாய்ச்சாம விடுவேனா? அவ நட்ட பயிரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவ சொன்னாளா? நான் கால் ஒடிஞ்சு படுத்தேனே, அந்த வருஷம் என் கழனியையும் அவதான் நட்டா. உங்க முறைத் தண்ணியை என் நாத்துக்குத் திருப்பிவிட்டுட்டு, மிச்சம் இருந்தா உங்களுக்கு. 'ஏண்டி இப்படிப் பண்றே, வீட்ல கேக்க மாட்டாரா'ன்னேன். 'அவரு கேட்டாத்தானே சொல்றதுக்கு'ன்னா."

வேதாசலத்துக்கு அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. விளைச்சல் பாதியாகக் குறைந்த வருஷம். பூச்சி அடித்துவிட்டது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நஷ்டத்தை முகம் கோணாமல் ஏற்றவர் என்று குரு அவரைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். வீட்டுக்குப் போனதும் அதை அம்சவேணியிடம் சொன்னார்.

"நானே வந்து அவகிட்டச் சொன்னேன்," என்றார் சேற்றில் நின்றபடி. "சாமி என்னை இப்படிச் சொன்னாருன்னு."

"அவ என்ன சொன்னா?"

"'நல்லாத்தான் சொல்லியிருக்காரு'ன்னா. சிரிச்சா."

கன்னியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் ஒருநாள் கேட்டேண்ணா. 'தினம் அங்கே போய் உட்கார்ந்துட்டு வராரே, ஒருநாள் இந்தப் பக்கம் வரக் கூடாதா'ன்னு. 'அங்கே போய்ட்டு வந்தா அவரு சந்தோஷமா இருக்காருடி, அதை எதுக்குக் கெடுக்கணும்'னா. அதோட விட்டாளா? 'அப்படி என்னதான் பேசிக்கிறாங்கன்னு எனக்கும் ஒருநாள் கேக்கணும்'னா. 'போயேண்டி'ன்னேன். 'நான் போனா தண்ணியை யாரு பாக்கறது'ன்னா."

முறை முடிந்து மேல்மடைக்காரர் தண்ணீரைத் திருப்பியபோது மூன்று துண்டு நனைந்திருந்தது. மேட்டுத் துண்டு நனையவில்லை.

வேதாசலம் கால் கழுவாமலே மடத்துக்குப் புறப்பட்டார்.

"நீயும் வா," என்றார்.

"நான் எதுக்கு? எனக்கு அங்கே என்ன வேலை?"

"நான் சரியாச் சொல்றேனான்னு பாக்கறதுக்கு."

அன்று பேச்சு முடிந்து எல்லாரும் எழுந்துகொண்டிருந்த நேரம். சேற்றுக் காலோடு வருகிற வேதாசலத்தைப் பார்த்ததும் எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். தூண் ஓரம் அவர் இடம் காலியாக இருந்தது. அவர் அங்கே போகவில்லை. வாசல் பக்கமே நின்றார். கன்னியம்மா வாசலுக்கு வெளியே நின்றாள்.

"பாய்ச்சினீங்களா?" என்றார் குரு.

"மூணு துண்டு நனைஞ்சது. ஒண்ணு காய்ஞ்சு கிடக்கு, சாமி."

"சரி."

"பத்திரிகையைத் திரும்ப அடிக்கப் போறேன். வீடு வீடா நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்."

"என்ன வரி?"

வழியெல்லாம் மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நிமிர்ந்து நின்று சொன்னார்.

"'விவசாயி அம்சவேணி.' மேலே, பெரிய எழுத்துல. அதுக்குக் கீழே, 'அவருக்கு ஒத்தாசையாக இருந்தவர், கணவர் வேதாசலம்.'"

கூட்டத்தில் ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், "ஆகா," என்றார். அழகான வரிதான்.

"இருந்தீங்களா?" என்றார் குரு.

ஆகா சொன்னவர் தரையைப் பார்த்தார்.

"மேல் வரி போதும்," என்றார் வேதாசலம். வாசல் பக்கம் திரும்பினார். "கன்னிம்மா, மேல் வரி மட்டும். போதுமா? நாளைக்கு மறுபடி இலை போடறேன், வந்து கை நனைப்பியா?"

கன்னியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பார்வை கூடத்துக்குள், பாய்மேல் உட்கார்ந்திருந்தவர்மேல் இருந்தது.

"அவரை மட்டும் கேக்கறீங்களே, சாமி," என்றாள்.

யாரோ, "ஏம்மா, மரியாதையாப் பேசு," என்றார்கள்.

"மரியாதையாத்தான் கேக்கறேன். வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் மொத மூட்டை இந்த மடத்துக்குத்தான் வரும். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு வந்து, இதோ நான் நிக்கறேனே, இங்கே இறக்குவோம். நீங்க இவரைப் பாத்து, 'வேதாசலம், உங்க நெல்லு வந்துடுச்சு'ம்பீங்க. அவ கேட்டுக்கிட்டு நிப்பா. கொஞ்ச நேரம் சும்மா நிப்பா. நான், 'வாடி, வேலை கிடக்கு'ம்பேன். 'இருடி'ம்பா."

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எதுக்கு நின்னான்னு எனக்கு அப்பல்லாம் தெரியலை. இப்பத் தெரியுது. நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நின்னிருக்கா. இவருக்குத் தெரியலை, விடுங்க. இவரு கழனியையே பாக்கலை. நீங்க அவளைப் பாத்தீங்க. அவ கையைப் பாத்தீங்க, காலைப் பாத்தீங்க. இது யாரு வெளைச்ச நெல்லுன்னு ஒரு வருஷம்கூட உங்களுக்குக் கேக்கத் தோணலையா? எல்லாத்துக்கும் பதில் சொல்றவராமே நீங்க. இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. நெஜமாச் சொன்னீங்கன்னா நாளைக்கு நான் வந்து கை நனைக்கிறேன். கதை சொன்னீங்கன்னா அப்படியே திரும்பிப் போறேன்."

குருவுக்குக் கதைகள் தெரியும். இருபது வருஷத்தில் ஒரு கேள்விக்கும் அவர் கதை இல்லாமல் இருந்ததில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் வழக்கம்போலக் காத்திருந்தார்கள்.

அவர் கையை ஊன்றி எழுந்தார். கூடத்தைக் கடந்து வந்து, வாசற்படியில், அவளுக்கு எதிரே நின்றார்.

"தோணிச்சும்மா," என்றார். "கேட்டா நான் எழுந்திருக்க வேண்டி வரும். எனக்கு உட்கார்ந்திருக்கப் பிடிச்சிருந்தது."