பூட்டிக்கொண்ட திரையும் மாசிலாமணியின் ஆஜரும்

கோணப்பாளையம் பேரூராட்சி அலுவலகத்தில் மூளைக்குப் பஞ்சம் உண்டு. ஒழுங்குக்குப் பஞ்சமே கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதிலும் எழுத்தர் மாசிலாமணி இருபத்திரண்டு வருடமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தாலி கட்டினார். அதற்காக வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து பொன்னாடை போர்த்தப்போகிறார் என்றதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்களன்று புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டிவிட்டவர் இரண்டே விஷயம் சொன்னார். "தேவையில்லாம தொடாதீங்க. சீட்டுல ஆள் இல்லைன்னா அஞ்சு நிமிஷத்துல திரை தானா பூட்டிக்கும்."

மாசிலாமணி தொடவில்லை. கட்டிய கையை மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடம் திரை பூட்டிக்கொண்டது. அவர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் சீட்டுலதானே இருக்கேன்?"

தலைமை எழுத்தர் பொன்னுரங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா மெஷின் பொய் சொல்லாதுப்பா."

"ஒரு டீ குடிச்சுட்டு வந்து மறுபடி உக்காந்து பாருங்க சார்" என்றார் டைப்பிஸ்ட் அற்புதம்.

திரையைத் திறந்து வைத்துவிட்டு மாசிலாமணி எதிர்க் கடைக்குப் போனார். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அவர் கையை எடுத்ததும் மின்விசிறிக் காற்றில் மேசை ஆடியது, மேலே இருந்த மவுஸும் ஆடியது. அரை மணி நேரமாகியும் திரை பூட்டிக்கொள்ளவே இல்லை.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"உக்காந்தா ஆள் இல்லைங்குது. டீக்கடையில இருந்தா ஆள் இருக்குங்குது" என்றார் பொன்னுரங்கம்.

"அப்ப நான் யாருண்ணே?" மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதை வீட்டுல கேட்டுக்க. பதிவேட்டுல என்ன எழுதறது? அதைச் சொல்லு."

"இருபத்திரண்டு வருஷம் பாழாகக்கூடாது சார்" என்றார் அற்புதம். "ஆஜர் வேணும்னா நீங்க சீட்டுப் பக்கமே வராதீங்க."

செவ்வாய் முதல் தினமும் அற்புதம் திரையைத் திறந்து வைத்தார், மாசிலாமணி சோற்றுப் பொட்டலத்தோடு காலை பத்து மணிக்கு டாணென்று டீக்கடையில் ஆஜரானார். ஐந்தே முக்கால் வரை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். அவரும் கோணப்பாளையத்தில் பிறந்தவர்தான்.

"மாசிலாமணி எங்க?"

"சீட்டுலதான் சார். திரை திறந்திருக்கு பாருங்க" என்றார் பொன்னுரங்கம்.

அதிகாரி பார்த்தார், திருப்தியோடு காலி நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அதிகாரியின் புகழுரையைக் கேட்டார். உரை முடிவதற்குள் திரை பூட்டிக்கொண்டது.

"அடடா, இப்பப் போய் எழுந்து போயிட்டாரே!" அதிகாரி பொன்னாடையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

மாசிலாமணி பதறிப்போனார்.

"மடிக்காதீங்க சார்! டீக்கடையிலதான் இருப்பாரு, இதோ போய்க் கூட்டிட்டு வந்துடறேன்!" என்று செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.