தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது குப்பிகள்

பத்மநாபன் ஓய்வு பெற்று மூன்று நாளாகியும் அவருடைய ஜன்னலோர இருக்கையில் ஒரு பூப்போட்ட கைக்குட்டை கிடந்தது. அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் எங்கள் காலை வண்டியில் கைக்குட்டை கிடந்தால் அங்கே ஆள் இருப்பதாக அர்த்தம். அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரும் துணிச்சல் யாருக்கும் கிடையாது.

நான் அதே பெட்டியில் ஏழு வருஷமாகக் கதவோரம் நின்று போகிறவன். பெயர் ஏகாம்பரம். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. என் முழங்காலுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

அந்த நான்கு இருக்கைக் கூட்டம் ஒரு காலத்தில் மடியில் பெட்டியை வைத்துச் சீட்டாடியது. இப்போது ஆளுக்கொரு போனில் 'ஏழாம் கோட்டை' விளையாடுகிறது. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்யும் செங்கமலம் மேடம் வாள்வீரர். பெரியமேட்டில் தோல் கடை வைத்திருக்கும் தாவூத் பாய் வில்லாளி. அச்சகத்தில் பிழை திருத்தும் குணசீலன் மந்திரவாதி. பத்மநாபன் வைத்தியராக இருந்தார். விளையாட்டில் டிராகனின் குகை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறக்கும், அதுவும் நான்கு பேர் சேர்ந்து போனால்தான். அன்று வெள்ளிக்கிழமை. இவர்கள் மூன்று பேர்.

"நாலாவது ஆள் கிடைச்சா அந்த சீட்டு அவருக்கு," என்று செங்கமலம் மேடம் பொதுவாகச் சொன்னார்.

நான் ஏன் அப்போது உண்மையைச் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். 'நானும் கொஞ்சம் விளையாடுவேன்' என்றால் போதாதா? வாய் வேறு விதமாகத் திறந்தது.

"நான் தொண்ணூறாவது லெவல்," என்றேன்.

மூவரும் நிமிர்ந்தார்கள். விளையாட்டில் அறுபதைத் தாண்டியவரை அவர்கள் பார்த்ததில்லை.

"எந்த கிளாஸ் சார்?" என்றார் குணசீலன். "வாளா, வில்லா, மந்திரமா?"

"எல்லாம்தான்."

"ஒருத்தருக்கு ஒண்ணுதானே குடுப்பான்?"

"எனக்கும் ஒண்ணுதான்னு சொன்னான். மூணு தடவை கேட்டான். நான் மூணு தடவையும் எல்லாத்தையும் அமுக்கினேன். நாலாவது தடவை திரையிலே 'உங்கள் இஷ்டம்'னு எழுதிட்டு ஒதுங்கிட்டான்."

தாவூத் பாய் சிரித்தார். செங்கமலம் மேடம் சிரிக்கவில்லை. வண்டி திருவாலங்காட்டைத் தாண்டியது. சிரித்தால் போதும் என்று நினைக்கிற ஜாதி நான். மேலே போனேன்.

"தீப்பந்து விடற ஸ்கில் இருக்கு பாருங்க, அதை நான் இப்பல்லாம் விடறதில்ல. ஒரு நாள் ஆபீஸ் போற வழியில விட்டேன். போன் சூடாகி, பையில இருந்த நேத்து வடை மறுபடி பொரிஞ்சு போச்சு."

"சாப்பிட்டீங்களா?" என்றார் குணசீலன்.

"ஒண்ணு சாப்பிட்டேன். மொறுமொறுன்னு இருந்துச்சு."

"வில்லு எப்படிண்ணே?" தாவூத் பாய்க்கு விளையாட்டில் தன் தொழில் மேல் அக்கறை.

"பாய், வில்லு விஷயத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். முதல் கிராமத்துல நின்னு ஒரு அம்பு விட்டேன். ஏழு பூதம் வரிசையா விழுந்துச்சு. அம்பு நிக்கல. மறுநாள் திறந்து பாக்கறேன், அப்பவும் போய்ட்டிருக்கு. பத்தாம் நாள் பனிமலையில ஒருத்தர் வீட்டுக் கதவுல குத்தி நின்னிருக்கு. அவரு நல்ல மனுஷன். 'இது யாருடைய அம்பு'ன்னு வாசல்ல தட்டி எழுதி வச்சிட்டாரு. நான் நேர்ல போய் அடையாளம் சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

"என்ன அடையாளம்?"

"சந்தனம் வச்சிருப்பேன்."

கதவோரம் நின்றிருந்த நாலைந்து பேர் இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். கூட்டம் சேர்ந்தால் எனக்கு நாக்கு நீண்டுவிடும். வீட்டில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவன் வெளியே வந்தால் இப்படி ஆவது ஏன்? தெரியவில்லை.

"கடைசிக் கோட்டையில அரக்க ராஜா இருக்கானே, அவனைப் பாத்தீங்களா?" என்றார் செங்கமலம் மேடம். குறுக்கு விசாரணையை நிறையத் தட்டச்சு செய்தவர்.

"எங்கம்மா பாக்க விடறான்? போன மாசம் போனேன். கோட்டை பூட்டிக் கிடக்கு. கதவுல ஒரு சீட்டு. 'சொந்த வேலையாக வெளியூர் செல்கிறேன். ஏகாம்பரம் வந்தால் இல்லை என்று சொல்லவும்.'"

"யாரு சொல்லணும்? அவனே எழுதி ஒட்டியிருக்கானே?"

"அவசரத்துல ஒட்டியிருப்பான்."

பெட்டியே சிரித்தது. செங்கமலம் மேடத்தின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது. அந்தக் களிப்பில், கவனம் தப்பி, நான் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இத்தனைக்கும் மருந்துக் குப்பி ஒண்ணுகூட நான் திறந்ததில்ல. பையில தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது அப்படியே இருக்கு."

சிரிப்பு நின்றது. அடுத்த கணம் முன்னைவிடப் பெரிதாக வெடித்தது. குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே," என்றார் தாவூத் பாய், மூச்சு வாங்கிக்கொண்டு, "வடை பொரிஞ்சதை நம்பறேன். அரக்கன் லீவு போட்டதையும் நம்பறேன். அடி வாங்கி உயிர் போற நேரத்துல கையில மருந்த வச்சிக்கிட்டுக் குடிக்காம ஒருத்தன் இருந்தான்னா, அதை எங்க வாப்பா வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன்."

"போனைக் காட்டுங்க சார்," என்றார் செங்கமலம் மேடம்.

சார்ஜ் ஒயரைத் தேடுவதுபோல நேரம் கடத்தலாம் என்று அலுவலகப் பையைத் திறந்தேன். மடித்து வைத்த துணிக்கடைக் கவர்கள் பன்னிரண்டு, ரப்பர் பேண்டு உருண்டை, முள் உடைந்த கைக்கடிகாரம், கல்யாணப் பத்திரிகை உறைகள் எல்லாம் வெளியே வந்தன. மேடம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேறு வழியின்றிப் போனைக் கொடுத்தேன்.

"லெவல் நாலு," என்று அவர் வாசித்தார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல இருந்தது. "கிளாஸ், வைத்தியர். கொன்றவை: தவளை மூணு."

பெட்டியில் யாரோ இருமினார்கள். என் கண் கைக்குட்டை மேல் போனது. ஏழு வருஷம் நின்றவன் இன்னும் ஐந்து வருஷம் நின்றால் என்ன என்று மனதைத் தேற்றத் தொடங்கினேன்.

அவர் என் பையைத் திறந்தார். விளையாட்டுப் பையைச் சொல்கிறேன். அறுந்த செருப்பு, துருப்பிடித்த கொக்கி, தவளைக் கால், கயிறு. கீழே சிவப்புக் குப்பி. அதன் பக்கத்தில் எண்: 999.

மூவரும் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

"எப்படி சார்?" என்றார் குணசீலன், குரல் தாழ்ந்து.

"தினம் விளையாட்டைத் திறந்தா மூணு குப்பி சும்மா தர்றான்ல? முந்நூத்து முப்பத்து மூணு நாளா வாங்கி வச்சிட்டு மூடிடுவேன். பின்னால உதவும்னு."

"அந்த மூணையும் நாங்க அன்னன்னிக்கே குடிச்சிடுவோம்," என்றார் தாவூத் பாய் பிரமிப்போடு. "மருந்து இல்லாமத்தான் நாலு வாரமா அந்த டிராகன்கிட்ட சாகறோம்."

செங்கமலம் மேடம் கைக்குட்டையை எடுத்தார். "உட்காருங்க சார். வைத்தியருக்கு லெவல் எதுக்கு? பின்னால நின்னு குப்பியை எறிஞ்சா போதும்."

உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. அம்பத்தூர் வரும்போது குகைக்குள் நுழைந்தோம்.

டிராகன் முதல் மூச்சிலேயே தாவூத் பாயைப் பொசுக்கியது.

"அண்ணே, குப்பி!"

"இருங்க பாய், உங்களுக்கு இன்னும் கால்வாசி உயிர் இருக்கே."

அது போயிற்று. பாய் தரையில் விழுந்தார்.

"சார், எனக்கு!" என்று குணசீலன் கத்தினார்.

என் கட்டைவிரல் குப்பிக்கு மேலே நின்றது. இறங்க மறுத்தது. "ஒரு நிமிஷம் குணா. இதைவிட அவசரம் ஒண்ணு வந்தா என்ன பண்றது?"

குணசீலனும் விழுந்தார். செங்கமலம் மேடத்தின் உயிர்க்கோடு நூலளவுக்கு வந்துவிட்டது. டிராகனுடையதும் அப்படித்தான் இருந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சார், இதுக்கு மேல அவசரம்னா நாம நிஜமாவே சாகணும்."

பீரோவில் பத்து வருஷமாகப் பிரிக்காமல் கிடக்கும் பட்டு வேட்டி எனக்கு ஞாபகம் வந்தது. எந்த நாளுக்காக அதை வைத்திருக்கிறேன்? அந்த நாள் ஏற்கனவே வந்து, கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டதோ என்னவோ.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

998.

மேடத்தின் உயிர்க்கோடு மளமளவென்று ஏறியது. ஒரே வீச்சு. டிராகனின் தலை உருண்டது. குணசீலன் என் முதுகில் ஓங்கித் தட்டினார். பொசுங்கிக் கிடந்த தாவூத் பாய் எழுந்து கைகுலுக்கினார். கதவோரம் நின்றிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

வண்டி சென்ட்ரலுக்குள் நுழைந்தபோது எனக்குப் பழைய நாக்கு திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா? ஒரே குப்பி. உண்மையில அரைக் குப்பிதான். மீதி அரைக்கு அந்த டிராகனே பயந்து செத்துச்சு. வீட்டுல போய்ச் சொல்லணும், நான் ஒத்தை ஆளா..."

செங்கமலம் மேடம் பூப்போட்ட கைக்குட்டையை மடித்து என் கையில் வைத்தார், நாளை காலை நானே போட்டுக்கொள்வதற்காக.

"தாராளமா சொல்லுங்க சார். டிராகனை ஒத்தை ஆளா கொன்னேன்னு சொல்லுங்க, நம்பிடுவாங்க. ஒரு குப்பியைத் திறந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. புளுகுன்னுடுவாங்க."